ஒரு சொம்புக் கூழ்

ராணியம்மாள் வீட்டிலிருந்து யாரும் வெறும் வயிற்றோடு படி இறங்கிவிட முடியாது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் ஆட்களோடு முப்பது வருஷம் போனவள். விடியுமுன் கூழ் குடிக்காமல் கத்தியைத் தொட்டால் பாதி வயலில் கை நடுங்கி, கண் இருட்டிவிடும் என்பது அவளுக்கு உடம்பில் ஊறிய பாடம்.

புருஷன் பாவாடைக்கு முதுகு வலித்தபோது, கரும்புக் கட்டு தூக்கிய வலி என்று ஒரு வருஷம் தைலம் தேய்த்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? மைலோமா, மஜ்ஜையில் வந்த புற்றுநோய், எலும்பை அரிக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எலும்பு எத்தனை வேகமாகக் கரைகிறது என்பதை ரத்தத்திலேயே பார்க்கலாமாம். அந்த எண் குறைந்தால் நல்லது. மாத்திரை, ஊசி எல்லாம் நடந்தன.

மூன்று மாதம் கழித்து மறு சோதனை. தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பாவாடையின் கை நடுங்கியது. ராணியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சொம்புக் கூழைக் கரைத்து நீட்டினாள். அவரும் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

எண் பாதிக்குப் பாதி குறைந்து வந்தது. தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பேச்சு அந்தச் சந்தோஷத்தில் காற்றோடு போயிற்று. பத்தாம் நாள் டிராக்டரில் கரும்புக் கட்டு ஏற்றப் போனவர், தொடை எலும்பு முறிந்து விழுந்தார்.

எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் ஓட்டை. சோதனையில் குறைந்து வந்த எண்ணோடு அது ஒத்துவரவில்லை. சாப்பிட்டிருந்தால் அந்த எண் இறங்கித்தான் காட்டும் என்றார் டாக்டர். சோதனை அன்று ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்க. வெறும் வயித்தோடதான் வந்தேன்" என்றார் பாவாடை, கட்டிலில் படுத்தபடி.

ராணியம்மாள் டாக்டர் முன்னால் வந்து நின்றாள். "நான்தான் சார் கூழு குடுத்தேன்."

டாக்டர் கோபப்படவில்லை. மருந்தை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பசியில கை நடுங்கிக்கினு இருந்துச்சேங்க."

பாவாடை அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"பசி இல்ல ராணி. பயம். நீ ஆசையா கரைச்சுக் குடுத்தியேன்னு குடிச்சேன்."