முப்பது நாளாகப் பேச்சில்லை

அக்காவின் கைப்பேசிக்குள் என் பெயர் இருப்பதை நான் முதன்முதலில் பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பகலில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதுகிறேன். அது சம்பளத்துக்கு. மிச்ச நேரத்தில் எழுதுவது ஊருக்குப் பொது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், தங்கள் செயலிக்குள் வைத்துக்கொள்ளலாம். அப்படி நான் இளவயதில் எழுதிப் போட்ட ஒரு சின்ன நிரல் உண்டு. 'தினமும் காலை ஏழு, மாலை ஏழு' என்று சொன்னால், அடுத்த மணி எப்போது அடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும். ஊர் விட்டு ஊர் போனாலும் அந்தந்த ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அதற்கென்று முகம் கிடையாது, மற்றவர்களின் செயலிகளுக்குள் எங்கோ அடியில் கிடக்கும். யார் யார் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்கே தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்டு வளர்ந்தவன் இல்லையா.

அந்த நிரல் என்னை நாலு நாட்டுக்கு அழைத்துப்போனது. சிங்கப்பூர், தைப்பே, தோக்கியோ, பெர்லின். மாநாடுகளில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, சில்லிட்ட கூடங்களில் ஓசிச் சட்டைகள் வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களோடு ஆற அமரப் பேசுவது எனக்குப் பிடிக்கும். வீட்டில் வாயைத் திறக்காதவன் மேடையில் நாற்பது நிமிடம் பேசுவான். போகிற ஊரிலெல்லாம் இறங்கியதும் முதல் வேலையாக மடிக்கணினியைத் திறந்து என் நிரலை ஓடவிட்டுப் பார்ப்பேன். மணி சரியாக அடிக்கும். நான் போன ஊர்களில் எல்லாம் சரியாக அடித்தது. அதைவிட வேறு என்ன சோதனை வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

புகார்கள் மட்டும் தீரவே தீராது. நிரலை இலவசமாகக் கொடுத்தாலும் குறை சொல்ல ஒரு பொதுப் பக்கம் வைத்தாக வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். 'வேலை செய்யவில்லை' என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எந்தப் போன், எந்தப் பதிப்பு என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. எனக்கோ மூக்கின்மேல் கோபம் வரும். அதனால் ஒரு போட், அதாவது ஆள் இல்லாமல் தானே வேலை பார்க்கும் நிரல், எழுதி அந்தப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஒரு புகாரில் முப்பது நாள் யாரும் எதுவும் எழுதவில்லையென்றால் அது தானாகவே மூடிவிடும். ஆள் திரும்பி வந்து எழுதினால் திறக்கும். இன்னொரு முப்பது நாள் பேச்சில்லாமல் போனால், மூடி, பூட்டும் போட்டுவிடும். பூட்டிய பிறகு அதில் யாரும் எழுத முடியாது. மூடும்போது சொல்ல வேண்டிய நன்றியையும் நானே எழுதிக் கொடுத்திருந்தேன். கடைசியில் சிரித்த முகம் ஒன்றும் போட்டிருந்தேன்.

சென்னை மாநாட்டுக்கு என்னைக் கூப்பிட்டது இந்தப் போட்டைப் பற்றிப் பேசத்தான். மலை போலக் குவிந்த புகார்களை ஒற்றை ஆளாக எப்படிச் சமாளித்தேன் என்பது தலைப்பு. இந்தியாவுக்கு அதுதான் என் முதல் பயணம். அக்காவும் வருகிறேன் என்றாள், வேளாங்கண்ணிக்கு அவளுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது.

அக்காவுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை ஒழுங்காகப் போனால் ஒன்றும் வராது. நாலு வருடமாக வரவும் இல்லை. இந்த வருடமும் வராமல் போனால் கார் ஓட்டக் கையெழுத்துப் போடுகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுங்கை பாக்காப்பில் ஆசிரியையாக இருக்கும் மகள் வீட்டுக்கு, யாரையும் கெஞ்சாமல், தானே ஓட்டிப்போய் இறங்க வேண்டும். அக்காவின் ஆசை அது ஒன்றுதான். அதற்காக ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டு, அறை காலியா என்று நாளைக்கு இரண்டு தரம் பார்த்துக்கொள்வாள்.

பெட்டி கட்டும்போது அந்த டப்பாவை நான்தான் எடுத்து வெளியே வைத்தேன். ஊர் மாறும்போது நேரம் மாறும், டப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது என்றேன். அவள் கைப்பேசியில் ஒரு மருந்து நினைவூட்டியை இறக்கிக் கொடுத்தேன். என்னைப் போல ஊருக்குப் பொதுவாக எழுதுகிறவர்கள் எழுதியது, விளம்பரம் கிடையாது, காசு கிடையாது என்று பெருமையாகவும் சொன்னேன். மணி அடித்தால் சாப்பிடு, அடிக்காவிட்டால் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம், நீ யோசிக்கவே வேண்டாம் என்றேன். அக்கா அரை மனதோடுதான் தலையாட்டினாள்.

சென்னையில் எல்லாம் நன்றாக நடந்தது. மணி அடித்தது, அக்கா சாப்பிட்டாள், வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் மேடையில் போட்டைப் பற்றிப் பேசினேன். புகார்ப் பக்கம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் படத்தைத் திரையில் காட்டியபோது கூடமே கைதட்டியது. பினாங்கு திரும்பினோம். நாலாம் நாள் காலை அக்கா வழக்கம்போல ஃபெரிப் படகு ஏறி அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் தன் அலுவலகத்துக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து அவள் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியது ஓர் ஆண். ஃபெரி ஊழியர். உங்கள் அக்கா இறங்கும் பாலத்தில் விழுந்துவிட்டார், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது என்று மலாய் மொழியில் நிதானமாகச் சொன்னார். நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவின் தாடையில் தையல் போட்டிருந்தார்கள். நாக்கைக் கடித்து வாயெல்லாம் வீங்கியிருந்தது. மாத்திரையை விட்டுவிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். நர்ஸ் மிஸியும் கேட்டார். சுங்கை பாக்காப்பிலிருந்து ஓடிவந்த மகளும் கேட்டாள். நானும் கேட்டேன். இல்லை, அடித்தபோதெல்லாம் சாப்பிட்டேன் என்று அவள் வீங்கிய வாயால் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். பைக்குள் இருந்த மாத்திரை அட்டையை மகள் எண்ணிப் பார்த்தாள். மூன்று கூடுதலாக இருந்தன. அம்மா, இப்படி மறந்தா எப்படி என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மணி அடித்ததா இல்லையா என்று பார்க்கத்தான் நான் அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். காலை மணிகள் அடித்திருந்தன. திரும்பி வந்த நாளிலிருந்து மாலை ஏழு மணி ஒரு தரம்கூட அடிக்கவில்லை. மூன்று மாலையும் 'அடித்து முடிந்தது' என்று குறித்து மட்டும் வைத்திருந்தது. எவன் எழுதிய வேலை இது என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே செயலியின் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். யார் யாருடைய நிரலைச் சேர்த்திருக்கிறோம் என்று அங்கே பொடி எழுத்தில் ஒரு பட்டியல் போடுவார்கள். யாரும் படிக்காத பக்கம் அது. மணிக்கணக்கு என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

தண்ணீர் பாட்டில் நீட்டப்பட்டது அப்போதுதான்.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்கக் கோப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. சென்னைக்கும் பினாங்குக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். மேற்கே போனபோது தப்பித்த என் நிரல், கிழக்கே திரும்பியபோது அந்த அரையை முழு மணியாக்கிக் கணக்குப் போட்டு, இன்னும் அடிக்காத மாலை மணியை அடித்துவிட்டதாக எடுத்துக்கொண்டது. நான் சோதித்த சிங்கப்பூருக்கும் தைப்பேக்கும் தோக்கியோவுக்கும் பெர்லினுக்கும் இங்கிருந்து அரை மணிக் கணக்கே கிடையாது. தமிழ் பேசுகிற ஒருவன், உலகத்துக்கெல்லாம் மணி எழுதியவன், இந்தியாவின் அரை மணியை விட்டுவிட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இது எனக்கு மட்டுமா நடந்திருக்கும்?

புகார்ப் பக்கத்தைத் திறந்து, மூடிக் கிடந்தவற்றில் தேடினேன். இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தையது. தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். அம்மா துபாயிலிருந்து இந்தியா திரும்பியிருக்கிறார், அன்றிலிருந்து சாயங்கால மாத்திரைக்கு மணி அடிப்பதில்லை என்று. கீழே நான் வழக்கமாகப் போடும் பதில்: எந்தப் போன், எந்தப் பதிப்பு? பதில் இல்லை. முப்பதாம் நாள் போட் மூடியிருந்தது. பிறகு அந்த ஆள் திரும்பி வந்திருக்கிறார். "இன்றைக்கும் அடிக்கவில்லை. அம்மா மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். இந்த மணியை நம்பலாமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்."

அதற்குக் கீழே அடுத்தது போட். முப்பது நாளாகப் பேச்சில்லாததால் இந்தப் புகார் மூடிப் பூட்டப்படுகிறது, எங்களுக்கு உதவியதற்கு நன்றி. சிரித்த முகம்.

அந்த முப்பது நாளும் நான் எங்கே இருந்தேன் என்று என் படங்களில் தேடிப் பார்த்தேன். அவர் எழுதிய வாரம் பெர்லினில் இருந்திருக்கிறேன். கழுத்தில் அட்டையோடு ஒரு பாலத்தின்மேல் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் யாரிடமும் சொல்லாமல் பிழையைத் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அப்படி ஒரு நினைப்பு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழுக்க வந்தது. அக்கா வீடு திரும்பி, சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் கஞ்சியை ஸ்பூனால் அளைந்துகொண்டிருந்தபோதுதான் சொன்னேன். மணி அடிக்கவில்லை, அந்த மணிக்கணக்கு நான் எழுதியது என்றேன்.

அக்கா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் மறக்கல."

"இல்லக்கா. நீ மறக்கல."

"எல்லாரும் என்னைத்தான் லா கேட்டீங்க. டாக்டர் கேட்டாரு, மிஸி கேட்டாங்க, நீயும் கேட்ட. என் மக அழுதா. எனக்கே புத்தி மங்கிப் போச்சுன்னு நெனச்சு ஆஸ்பத்திரியில கெடந்தேன் தம்பி."

மன்னிப்புக் கேட்டேன். காடி ஓட்டுவது இனி எப்போது என்று அவள் கேட்டாள். டாக்டர் மறுபடி முதலிலிருந்து வருடங்களை எண்ணச் சொல்லிவிட்டார் என்பது அவளுக்கும் தெரியும். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த டப்பாவை எங்க போட்ட, எடுத்துட்டு வா என்று மட்டும் சொன்னாள்.

டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தபோது அந்தப் புகாரையும் படித்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. என் தப்பு இன்னும் பெரியது என்று யாரிடமாவது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததோ என்னவோ. அக்கா மாத்திரைகளை அறை அறையாகப் போட்டுக்கொண்டே கேட்டாள். படித்து முடித்ததும் கையை நிறுத்தினாள்.

"அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"தெரியலக்கா."

"நீ கேக்கலையா?"

"அவங்க மறுபடி எழுத முடியாம பூட்டிட்டேன்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நின்றபோதுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"எனக்கு நீ இருந்த, தேடிப் பாத்த. அவங்க உன்னைத்தானே தேடி வந்தாங்க. தெற லா."

அங்கேயே, அவள் எதிரிலேயே, பூட்டைத் திறந்தேன். போட்டை நீக்கினேன். பிழை உண்மைதான், நீங்கள் சொன்னது சரி, இரண்டு வருடம் தாமதமாகத் திருத்தியிருக்கிறேன், அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று எழுதினேன். அந்த ஆளின் கணக்கைப் போய்ப் பார்த்தேன். இந்த ஒரு புகாருக்காகவே தொடங்கிய கணக்கு. படம் இல்லை, ஊர் இல்லை, வேறு ஓர் எழுத்துகூட இல்லை. வேறு வழியில் தேடிக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. வருகிற மாதம் தைப்பேயில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

இப்போது மாலை ஏழுக்கு அக்காவின் கைப்பேசியில் மணி அடிக்கிறது. சரியாகவே அடிக்கிறது. ஆனாலும் அவள் முதலில் டப்பாவைத்தான் பார்க்கிறாள். மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, துடைத்த வாயோடு என் பக்கம் திரும்புவாள். நேற்றும் திரும்பினாள். நான் எழுதி நேற்றோடு முப்பது நாள்.

"எழுதுனாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா."