பச்சைக் கலர் பதவி

இன்று கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட்டு தினேஷ் தன் ஆன்லைன் கேம் குரூப்புக்கு ஆள் எடுத்தான். என்னைத்தான்.

"ஆடிக்கினே கெட்ட வார்த்த பேசுறவன குரூப்ப வுட்டு தூக்கணும். அவ்ளோதான் வேல."

"சம்பளம் இன்னா?"

"சம்பளம்லாம் இல்ல நைனா. குரூப்ல உன் பேரு மட்டும் பச்சைக் கலர்ல வரும். லீவுன்னா முன்னாடியே சொல்லணும். மொதல்ல ஆறு மாசம் ட்ரெய்னிங்."

"அப்புறம் பர்மனென்ட்டா?"

கால்மேல் கால் போட்டுக்கொண்டான். "அது உன் பெர்ஃபாமன்ஸ பாத்துதான் சொல்ல முடியும்."

இதே பதிலைச் சொல்லித் தன்னை மூன்று வருஷமாக இழுத்தடிக்கும் கான்ட்ராக்டரை, காலையில் இதே பஸ்ஸில் காது கூசத் திட்டிக்கொண்டு வந்தவன் இவன்.

பச்சைக் கலருக்கு அலைபவர்கள் இந்தப் பதிவின் கமென்ட்டில் வரலாம். கெட்ட வார்த்தை மட்டும் கூடாது. தினேஷ் ஐயா தூக்கிவிடுவார்.