சொல்லிக்கொடுத்த சொல்

புதுச்சேரி கடற்கரை ஸ்டாண்டில் கலியமூர்த்தியின் ஆட்டோவில் ஏறும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சவாரியோடு பாடமும் உண்டு. கோவிலுக்குள் செருப்பு கூடாது, இடது கையால் எதையும் நீட்டக் கூடாது, வாசற்படியில் நின்றபடி எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லவே கூடாது. 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவர் பத்திரமாகத் திரும்பி வருவார். மற்றதெல்லாம் மரியாதைக்கு, இதை மட்டும் அவர் மெய்யாகவே நம்பினார்.

வருஷா வருஷம் குளிர்காலத்துக்குப் பிரான்சிலிருந்து வந்துவிடும் மர்த்தின் அம்மாதான் அவருடைய நல்ல மாணவி. தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார். அவருக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் கலியமூர்த்தியின் தங்கை மகன் வினோத்குமார். அவனையும் மாமன் விட்டதில்லை. சின்ன வயதில் 'போறேன் மாமா' என்று ஓடினால், திரும்பக் கூப்பிட்டு ஒழுங்காகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். வினோத்குமாருக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. போன வாரம் ஷிப்டுக்குப் போகும்போது லாரி மோதி இறந்துபோனான்.

அன்றிலிருந்து அவன் தாய் ஆதிலட்சுமி அழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை. வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் கலியமூர்த்தி அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தார். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று பயந்தார்.

துக்கம் விசாரிக்க வருவதாக மர்த்தின் சொன்னார். மூலக்குளத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் பாடம் நடந்தது. பூங்கொத்து வேண்டாம். யாரும் 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள், தப்பாக நினைக்க வேண்டாம். சும்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

மர்த்தின் எல்லாவற்றையும் அப்படியே செய்தார். தரையில் உட்கார்ந்து ஆதிலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆதிலட்சுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கலியமூர்த்திக்கோ தன் மாணவியை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமைப்பட நேரம் பார்த்தார் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மர்த்தின் எழுந்து கைகூப்பினார். பிசிறில்லாமல் சொன்னார்:

"போயிட்டு வரேன்."

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அங்கே திரும்பி வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். ஊருக்கே பாடம் எடுத்தவர் அந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். கூடத்திலிருந்த பெண்கள் முகம் சுளித்தார்கள். ஒருத்தி வாயில் அடித்துக்கொண்டாள்.

ஆதிலட்சுமி தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள்.

"அவனும் இதத்தாண்ணே சொன்னான். நீ சொல்லிக்குடுத்த மாதிரியே சொல்லிட்டுத்தாண்ணே போனான்."

பிறகு அழுதாள். தெருக்கோடிக்குக் கேட்கிற அழுகை. அவள் அழ வேண்டுமென்று அவர் வேண்டாத தெய்வமில்லை. அழுதபோது அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

கலியமூர்த்தி ஆட்டோவைத் திருப்பினார். தங்கியிருந்த விடுதி வாசலில் மர்த்தின் இறங்கினார். கைகூப்பப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இப்போ நான் என்ன சொல்லணும், கலி?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனிதர் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா," என்றார்.