மீதிச் சத்தம்

நான் கதை விடுவதாகத் தோன்றினால் தல்லாகுளத்தில் இன்பசேகரன் கடைக்குப் போய்க் கேளுங்கள். ஆம்ப், ஸ்பீக்கர், மிக்ஸி என்று எதைக் கொடுத்தாலும் பிரித்து மேய்ந்துவிடும் மனிதர். பேஸ் கிட்டார் என்றால் மட்டும் இப்போது கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறார். அதற்குக் காரணம் ஜெய்சனின் கிட்டார்தான்.

ஜெய்சன் மிஷன் பள்ளியில் கிளார்க். ஏழு வருடமாகக் கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பவன். போன மாதம் திருமங்கலத்துப் பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு ஒரு பழைய பேஸை வாங்கினான். அன்றிலிருந்தே சத்தம் எழும்பவில்லை. விரல் தேய வாசித்தாலும் முனகல்தான். ஈஸ்டருக்கு முந்தின நாள், குழுவை நடத்தும் ஹெப்சிபா அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

“நாளைக்கும் கேக்கலைன்னா கீபோர்டுலயே பேஸ் போட்டுக்கிறோம். நீ கீழ உக்காந்து பாடு.”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் 2.15. இன்பசேகரன் கிட்டாரைப் பிரித்தார். கேபிளை மாற்றினார். அது சொருகும் ஜாக்கைச் சுரண்டிப் புதிதாகப் பற்றவைத்தார். வால்யூம் கன்ட்ரோலையும் மாற்றினார். கம்பிக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பைத் திருகி மேலே ஏற்றினார். மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. அதே ஆம்பில் வேறு பேஸைச் சொருகினால் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. இதைச் சொருகினால்... முனகல்.

“சத்தம் பொறக்குது தம்பி. இங்க வந்து சேரல. எங்க போகுதுன்னுதான் தெரியல.”

கிட்டார் பையின் பாக்கெட்டில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஒரு போன் நம்பர். பழைய சொந்தக்காரருக்கு விவரம் தெரியுமோ என்று ஜெய்சன் 3.40க்கு அடித்தான்.

முதலில் இரண்டு வறட்டு இருமல். பிறகு வயதான பெண் குரல்.

“விக்டோரியா பேசுறேன், சோழவந்தானுல இருந்து. அது எம்மவன் கிட்டாருய்யா. அவன் தவறிப்போயி ரெண்டு வருசமாச்சு.”

“சத்தம் கம்மியா இருக்கும்மா. முன்னாடியே இப்படித்தானா?”

“கம்மியா? இங்க அம்புட்டுச் சத்தமா கேக்குதே!”

ஜெய்சனுக்குப் புரியவில்லை.

“அவன் ஸ்பீக்கர் பெட்டி இங்கதான கெடக்கு. கரண்டு கூடக் குடுக்கல. ஒரு மாசமா வாசிக்கிறான். இந்தா, இப்பக்கூட...”

போனைப் பெட்டிக்கருகே கொண்டுபோனார் போல.

இன்பசேகரன் இது எதுவும் தெரியாமல் மேசையில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். கடையில் முனகல்.

போனில்... தும்... தும்... தும்...

ஜெய்சன் போனை ஸ்பீக்கரில் போட்டு, கையைக் காட்டி நிறுத்தினான். இன்பசேகரன் விரலை எடுத்துவிட்டார்.

போனில் இன்னும் ஒரு முறை.

தும்.



“நாளைக்கு ஈஸ்டராச்சே.” இரண்டு இருமல். “அவனைக் கோயிலுக்குப் போகச் சொல்றேன். தனியா விடமாட்டேன்... நானும் வாரேன்.”

3.46. லைன் அறுந்தது. திரும்ப அடித்தான். மணி போனது, எடுக்கவில்லை.

ஈஸ்டர் விடியற்காலை. 4.50க்கு முதல் பாட்டு. வால்யூமை முழுதாகத் திருகியிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. ஹெப்சிபா அக்கா திரும்பி முறைத்தார். திருக இனி எதுவும் மிச்சமில்லை.

4.52.

கும்!

ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன. அக்கா சிரித்தார். ஜெய்சன் கண்ணீரோடு வாசித்தான்.

பாட்டு முடிந்தது. அமைதி.

அவனுடைய ஆம்பிலிருந்து... இரண்டு வறட்டு இருமல்.

பக்கத்தில் மைக் எதுவும் இல்லை.

திங்கள் காலை 9.20க்கு மறுபடி அடித்தான். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார்.

“அவுக தவறிட்டாக தம்பி. நேத்து ஈஸ்டரன்னைக்கு, விடியக்கால நாலு அம்பத்திரண்டுக்கு.”

“அம்புட்டுக் கரெக்டா எப்படிண்ணே?”

“அந்தப் பெட்டிச் சத்தம் எங்களுக்குப் பழகிருச்சு. நேத்துப் பொசுக்குன்னு நின்னுச்சு. அதுலதான் முழிச்சு மணியப் பாத்தேன். ஓடிப்போயிப் பாத்தா, நல்ல சேலை கட்டி, மடியில பைபிளோட உக்காந்திருக்காக. உசுரு இல்ல. வீட்டுக்குள்ளயே செருப்புப் போட்டிருந்தாக தம்பி...”

ஜெய்சன் போனை வைத்தான்.

கட்டிலுக்கடியில், ஜிப் போட்டு மூடியிருந்த கிட்டார் பைக்குள் யாரோ இரண்டு முறை இருமினார்கள்.