புல்லில் மீன் பிடித்தவர்

லோகேஸ்வரன் வாயில் சட்டென்று வரும் ஒரே சொல் ‘பார்க்கலாம்’. கல்யாணத்தைப் பற்றி யார் கேட்டாலும் பார்க்கலாம் என்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே வயது அறுபத்திரண்டாகிவிட்டது. மாக் மண்டின் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் மெஷின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், டத்தோ கிராமாட் அடுக்குமாடி ஒன்றில் நாலாவது மாடியில் தனியாக இருக்கிறார். ஒரு நாள் குழம்பு வைத்தால் மூன்று நாள் அதுவேதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரு பைத்தியம் இருந்தது. ஈத்தூண்டில். புழு வேண்டாம், இறால் வேண்டாம். இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பொய் ஈ ஒன்று கட்டி, கனத்த நீள நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, அந்த ஈயை மெத்தென்று தண்ணீரில் இறக்க வேண்டும். கற்றுக்கொடுத்தவர் கூட வேலை பார்த்த அலாவுதீன், இவர் வயதுக்காரர்தான். கேட்ட முதல் நாளே குளத்துக்குக் கூட்டிப் போய்த் தன் தூண்டில் கோலையே கையில் கொடுத்தார். “நூலு சிக்கினா சிக்கட்டும். மீனு சொல்லிக் கொடுக்கும்லா, நான் எதுக்கு?” என்று சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்.

பதினைந்து வருடம் இரண்டு பேரும் சேர்ந்தே வீசினார்கள். மூன்று வருடங்களுக்கு முன் அலாவுதீன் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு லோகேஸ்வரனுக்குக் குளத்துப் பக்கம் போகக் கால் வரவில்லை. கை மட்டும் சும்மா இருக்க மறுத்தது. ஞாயிறு காலைகளில் வீட்டுக்குக் கீழே இருக்கும் திடலில் நின்று, கொக்கிக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளித் துண்டைக் கட்டிப் புல்லில் வீசிக்கொண்டிருந்தார். “அங்கிள் ஈ ஓட்டுறாரு” என்று கோப்பிக் கடையில் சிரித்தார்கள். பொய்யொன்றும் இல்லையே.

மூன்றாவது மாடியில் இருந்த தனுஜா ஒரு ஞாயிறு இறங்கி வந்து அவர் எதிரில் நின்றாள். நாற்பத்தாறு வயது. ஜுருவில் கார் விற்கும் கடையில் ஆபீஸ் வேலை. கணவர் காலமாகி வெகுநாளாயிற்று. ஒரே மகள் நாட்டின் தென்கோடியில், ஜொகூரில். மார்பில் ஆபரேஷன் செய்ததிலிருந்து வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

“அண்ணே, ஆஸ்பத்திரியில தினம் சுவத்துல விரல வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்தச் சொல்றாங்க. சலிச்சுப் போச்சு. நீங்க செய்யறதச் செஞ்சா கை மேல போகுமா?”

“பார்க்கலாம்மா,” என்றார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லுக்கு ‘ஆமாம்’ என்று பொருள்.

நல்ல வாத்தியார் அவர், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதல் மாதம் கோலே கிடையாது. வெறுங்கையை வீசச் சொன்னார். வலித்தால் நிறுத்திவிட வேண்டும், வீரம் காட்டக் கூடாது என்றார். நூல் பின்னால் முழுதாக நீளும்வரை காத்திருக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக, “பொறு… பொறு… இப்ப!” என்று ஒவ்வொரு வீச்சுக்கும் பக்கத்தில் நின்று சொன்னார். அலாவுதீனின் கோல் லோகேஸ்வரன் வீட்டில்தான் இருந்தது. யாரையும் தொட விடாத அதை, வீட்டில் வைத்துப் பழகு என்று அவளிடமே கொடுத்துவிட்டார். மூன்றாவது மாதம் அவள் கை காதைத் தாண்டி மேலே போனது. நூல் அவருடையதைவிட நேராகப் போனது.

“எப்பண்ணே தண்ணிக்குப் போறோம்?”

“பார்க்கலாம்மா. மணிக்கட்டு இன்னும் ஆடுது.”

ஆடவே இல்லை. தண்ணீருக்குப் போய்விட்டால் இனி அவளுக்கு இவர் எதற்கு? வாரத்தில் ஆறு நாள் அவர் வாய் திறப்பது “கோப்பி ஓ ஒண்ணு” என்று கடுங்காப்பி கேட்க மட்டும்தான். ஞாயிறு காலை அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு மனிதப் பேச்சு. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் அடுத்த வாரமும் அதே மணிக்கட்டைச் சொன்னார். நாலாவது மாதத்திலிருந்து அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

பத்தாவது மாதம் ஒரு ஞாயிறு, நூலைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “மக கூப்பிட்டுட்டாண்ணே. வர்ற வியாழக்கிழமை ஜொகூருக்குப் போறேன். இனிமே அங்கதான்.”

லோகேஸ்வரன் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார். “ஏறும்மா கார்ல. இப்பவே குளத்துக்குப் போவோம்,” என்றார்.

ஜுருவுக்கு அப்பால், மண் எடுத்த பழைய குளம் அது. கரையோரம் பலகாரக் கடை வைத்திருந்த நோர்மா, தனுஜாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து மலாயில் கேட்டாள்: “எத்தனை மாசமாச்சு உன்னைப் பார்த்து! அன்னைக்கு மூணு ராஜா மீன் பிடிச்சுத் திரும்பத் தண்ணியில விட்டேன்னு சொல்லிட்டுப் போனியே, அப்புறம் ஏன் வரவே இல்லை?”

கரைக்குப் போனதும் லோகேஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ அப்பவே ரெடிம்மா. நான்தான் வேணும்னே இழுத்தடிச்சேன்.”

“தெரியும்ணே. கோவத்துல ஒரு சனிக்கிழமை வேல முடிஞ்சு நானே இங்க வந்தேன். மொத மீனத் தூக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன், பக்கத்துல ஒருத்தரும் இல்ல. மூணு மீனும் அப்படித்தான். யார்ட்டண்ணே காட்டுறது? மறுநா பேசாம திடலுக்கே வந்துட்டேன்.”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அன்று அவளுக்கு உள்ளங்கை அளவில் ஒரு குட்டி மீன்தான் கிடைத்தது. அதை அவருக்குக் காட்டிவிட்டுத் தண்ணீரில் விட்டாள். வியாழக்கிழமை அலாவுதீனின் கோலும் அவளோடு ஜொகூருக்குப் போயிற்று.

அடுத்த ஞாயிறு லோகேஸ்வரன் திடலுக்கு இறங்கவில்லை, குளத்துக்குத் தனியாகப் போனார். நாலாவது வீச்சிலேயே மாட்டியது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும், அவ்வளவு பெரிய ராஜா மீன். போன் சட்டைப் பையில்தான் இருந்தது, எடுக்கத்தான் கை இல்லை. திரும்பிப் பார்த்தார். கரையில் யாரும் இல்லை. குனிந்து மீனைத் தண்ணீரில் விட்டார்.