திரும்பிப் போகும் டிக்கெட்

என் கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் இரண்டு மாத விடுப்பில் காரைக்கால் வந்தார். வெளிநாட்டுச் சபரிலிருந்து வந்தவரைப் பார்க்க வரும் சொந்தங்களை வெறுங்கையோடு அனுப்பினால் கஞ்சம் என்பார்களே என்று, பிரியாணி, சேலை, பிள்ளைகள் கையில் நூறு ரூபாய் என நான்தான் வாரியிறைத்தேன்.

கிளம்பப் பத்து நாள் இருக்கையில், "டிக்கெட் எடுக்கணும், பணத்தைக் கொண்டா" என்றார். பீரோவில் முந்நூறு ரூபாய்தான் இருந்தது.

"லீவு முடியறதுக்குள்ள போவலைன்னா விசா போயிடும்மா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் வளையல்கள் அடகுக்குப் போயின. கெடுவுக்கு முதல்நாள் விமானம் ஏறினார்.

இப்போதெல்லாம் அவரை 'வாங்க' என்று அழைத்த கையோடு, அவர் திரும்பிப் போவதற்கான பணத்தை எடுத்து வைத்துவிடுகிறேன்.