இடி என்று சொன்னேன்

போன வாரம் எங்கள் கம்பெனியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பி இழுக்கும் தொழிற்சாலை எங்களுடையது. நான் அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஸ்டோர் ரூமில் இருந்த அந்தப் பெட்டி பெரிய கம்பெனி ஒன்றின் தயாரிப்பு. வயது இருபதுக்கு மேல் இருக்கும். பவர் சப்ளை போய்விட்டது, வேறொன்றும் இல்லை. மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை வந்தது. வெல்லப்பாகு அடிப்பிடித்ததும் மீன் தீய்ந்ததும் கலந்த மாதிரி ஒரு வாடை. அதை ஒரு தரம் முகர்ந்தவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

புது சப்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய பிளக்கையும் புதுப் பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, வயர்களின் நிறத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டோர் கீப்பர் அம்மா எட்டிப் பார்த்தார். வேலந்தாவளத்துக்காரர், பொறுமை கொஞ்சம் குறைவு.

"அதுதான் பொருந்துதுங்களே. அப்பறம் இன்னும் என்னத்தப் பாத்துட்டிருக்கறீங்க?"

"பொருந்தறதுனாலதாங்க பாக்கறேன்" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் நடந்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. குமுளியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை. கடைக்குக் கீழ்த்தளத்தில் ஏலக்காய் தரம் பிரிப்பார்கள். என் சட்டை, தலையணை, சோறு எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசம். லீவில் கொழிஞ்சாம்பாறைக்கு வீட்டுக்குப் போனால், பாயசச் சட்டி வருகிறது என்று தங்கை சிரிப்பாள். சட்டைப்பையில் இரண்டு ஸ்க்ரூடிரைவர் தெரியும்படி சொருகிக்கொண்டு பஸ்ஸில் போவேன். யாராவது "என்ன வேலை தம்பி?" என்று கேட்கமாட்டார்களா என்று இருக்கும். கேட்டால் "இன்ஜினியர்" என்பேன். படித்தது ஆறு மாத கோர்ஸ்.

அந்த வேலையில்தான் சூரியநெல்லி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போகத் தொடங்கினேன். பூப்பாறை வரை பஸ், அதற்கு மேல் ஜீப். அங்கே தொழிலாளர் கிளப் என்று ஓடு போட்ட ஒரு கட்டடம். அதில் ஒரு அறை, அறையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் மாரித்தாய்.

மாரித்தாய் கொழுந்து பறிக்கிறவர். முப்பது வயது இருக்கும். தோள்பட்டை இறங்கிப்போய் கூடை சுமக்க முடியாமல் ஆனபோது, எஸ்டேட் ஆபீஸ் கழித்துவிட்ட அந்தப் பெட்டி கிளப்புக்கு வந்தது. தொடவே எல்லோரும் பயந்தார்கள், இவர்தான் தொட்டார். தமிழ் தெரியும். மலையாளத்தை மகளின் பள்ளிப் புத்தகத்தை வைத்துத் தானே படித்துக்கொண்டார். ரேஷன் கார்டு, சாதிச் சான்று, விதவா பென்ஷன் என்று எதுவானாலும் வில்லேஜ் ஆபீசுக்கு மலையாளத்தில் அபேட்சை, அதாவது மனு, கொடுக்க வேண்டும். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. மாரித்தாய் கேட்டுக் கேட்டு அடித்துக் கொடுப்பார். கிளப் அவருக்கு ஒரு சம்பளம் போட்டுக் கொடுத்தது. கூடை தூக்காமல் குடும்பம் நடந்தது.

என் பேச்சைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு. "ஏனுங்க, வாங்க, போங்க. அந்தப் பொட்டிக்கும் மரியாத குடுப்பீகளோ?" என்பார். போகும்போதெல்லாம் பால் விடாத கட்டன்சாயா கொடுப்பார். என்னை "இஞ்சினியர் தம்பி" என்று முழுமனதோடு கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். அந்த மலையில் வேறு யாரும் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு ஐப்பசியில் பெட்டி நின்றுபோயிற்று என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். பவர் சப்ளைதான். உள்ளே கெபாசிட்டர்கள் உப்பிப்போய், மண்டை வெடித்திருந்தன. வயசாகிவிட்டது, அவ்வளவுதான். கையோடு ஒரு சாதாரண சப்ளை கொண்டுபோயிருந்தேன். பிளக் ஒரே அளவு, ஒரே வடிவம். அழுத்தியதும் கிளிக் என்று உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டேன்.

சின்ன ஒரு சத்தம். பிறகு அந்த வாடை.

அந்தப் பெட்டியைச் செய்ததும் இதே பெரிய கம்பெனிதான். அந்த மாடலில் அவர்கள் பிளக்கின் வடிவத்தை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டு, வயர்களை வேறு வரிசையில் அமைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. ஆனால் பழைய பிளக் என் காலடியில்தான் கிடந்தது. குனிந்து ஒரு நிமிடம் நிறத்தை ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் குனியவில்லை. கம்ப்யூட்டரின் மெயின் போர்டே கருகிவிட்டது.

மாரித்தாய் கையில் சாயா டம்ளரோடு வாசலில் நின்றார். "என்ன தம்பி, புகை வருது?"

எங்கிருந்து அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "இடிங்க. இடி இறங்கி போர்டு வரைக்கும் போயிருக்குது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்கு முட்டுக் கொடுக்க ஒரு கேள்வியும் கேட்டேன். "மழை பேஞ்சப்ப பிளக்கப் புடுங்கி வெக்கலீங்களா?"

அவர் யோசித்தார். "புடுங்குனேன்னுதான் நெனைக்கேன்" என்றார். சாயா டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "புடுங்காம வந்துட்டேனோ என்னவோ" என்றார்.

வேறு போர்டு பார்க்கிறேன் என்று பெட்டியைக் குமுளிக்கு எடுத்து வந்தேன். அந்த மாடலுக்கு எங்கும் கிடைக்கவில்லை. கடைக்காரர் பழைய சாமானோடு போடச் சொன்னார். எஸ்டேட்டிலிருந்து போன் வந்தால் நான் வெளியே போயிருப்பதாகச் சொல்ல வைத்தேன். அடுத்த வருடமே ஊர்ப்பக்கம் வேலை கிடைத்து மலை இறங்கிவிட்டேன்.

பிறகு பதினைந்து வருடம் கழித்துத்தான் அந்தப் பக்கம் போனேன், வீட்டோடு, சுற்றுலாவாக. கிளப் இருந்த இடத்தில் ஓடெல்லாம் அப்படியே வைத்து ஒரு ரிசார்ட். வாசலில் காக்கிச் சட்டையில் வாட்ச்மேன். மாரித்தாயின் கணவர் சுடலைமுத்து. முன்பு எஸ்டேட் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் பிரிவில் இருந்தவர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெயர் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ போயி நாலு வருசம் ஆச்சு. நெஞ்சுவலி" என்றார்.

பெட்டி போன பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கிளப்புக் கமிட்டி கூடி மாரித்தாயை நிற்க வைத்துக் கேட்டதாம். இடியில் பிளக்கைப் பிடுங்காமல் போனது யார் தப்பு என்று. சம்பளம் நின்றது. அந்தத் தோளோடு மறுபடியும் கூடை தூக்கினார். பெட்டி திரும்பி வரும் என்று ஜனங்கள் கொடுத்துவிட்டுப் போன காகிதங்களை ஒரு தகர டப்பாவில் போட்டு ரொம்ப நாள் வைத்திருந்தாராம்.

அப்போது சொன்னேன். "இடி இல்லீங்க அண்ணா. நாந்தான் தப்பா மாட்டி எரிச்சுப்புட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

சுடலைமுத்து என் கையை விட்டார். கோபமாகத் தெரியவில்லை. எதையோ சரிபார்ப்பது போல என் முகத்தைப் பார்த்தார்.

"மழ இருட்டுனா போதும், வீட்ல இருக்கிற எல்லா பிளக்கையும் புடுங்கிருவா" என்றார். "ராவெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுத் தடவிப் பாப்பா. சாகுற வரைக்கும் அப்பிடித்தான். ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்ல தம்பி."

ரிசார்ட்டுக்கு ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் கேட்டைத் திறக்கப் போனார். அந்தக் காருக்கு ஒரு சல்யூட் அடித்தார். என் மனைவி என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அதுவும் பொய்தான்.

போன வாரம் ஸ்டோர் ரூம் வேலையை முடித்துவிட்டு, ரிசார்ட் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. எடுத்தவருக்கு இந்தி மட்டும்தான் தெரிந்தது. போனை வாங்கிய மேனேஜர், பழைய வாட்ச்மேன் மகளோடு தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார் என்றார். எந்த ஊர்? தெரியாது. லயத்தில் அந்தக் காலத்து ஆட்கள் யாராவது? எல்லோரும் ரிட்டயராகிப் போய்விட்டார்கள், இப்போது இருப்பவர்கள் எல்லாம் வடக்கே இருந்து வந்தவர்கள் என்றார்.

மாரித்தாய் பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும் போர்டை எரித்தது நான்தான். அதைச் சொல்ல அந்த மலையில் இனி எனக்கு ஒருவரும் இல்லை.